விடுமுறைக்கு ஒரு வேற்றுலகம்: அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் தொடங்குவோருக்கு

டிசம்பர் கடைசி வாரத்தில் மும்பைப் பள்ளிகள் மூடப்பட்டு, அலுவலகங்களிலும் பாதி இருக்கைகள் காலியாகும்போது, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் உள்ள தமிழ் வீடுகளில் ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் படிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. ஆண்டின் மற்ற நாட்களில் வாசிப்பு என்பது பெரும்பாலும் லோக்கல் ரயிலில், உட்கார இடம் கிடைத்த அன்று, தாதரில் கூட்டம் ஏறும்வரை நடக்கிற காரியம். அந்தத் துண்டு நேரத்துக்கு நாளிதழும் நகைச்சுவைத் துணுக்கும் குடும்பக் கதையும் பொருந்தும். ஏனென்றால் குடும்பக் கதையில் மாமியார் என்றால் யார், வாடகை என்றால் என்ன என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிவியல் புனைகதையும், பேச்சில் ஃபேன்டசி எனப்படும் மிகுபுனைவும் நாம் அறியாத ஓர் உலகத்தில் தொடங்குகின்றன. அந்த உலகத்தின் நடைமுறை பிடிபடுவதற்கே முதல் இருபது முப்பது பக்கங்கள் ஆகிவிடும். அந்தப் பக்கங்களை நிலையத்துக்கு நிலையம் நிறுத்தி நிறுத்திப் படித்தால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ‘இந்த வகைக் கதைகள் எனக்குப் புரிவதில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆகவே இவற்றைத் தொடங்க விடுமுறையே ஏற்ற காலம். எதை எதிர்பார்த்துத் தொடங்குவது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

ராக்கெட்டும் ரோபோவும் வந்தால் அறிவியல் புனைகதை என்றும், மந்திரவாதியும் டிராகனும் வந்தால் மிகுபுனைவு என்றும்தான் பலரும் பிரிக்கிறார்கள். கடையில் புத்தகங்களை அடுக்குவதற்கு இந்தப் பிரிவு போதும், படிப்பதற்குப் போதாது. இரண்டுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. நம் உலகில் இல்லாத ஏதோ ஒன்றை எழுத்தாளர் கதைக்குள் கொண்டுவருகிறார். பிறகு, அது இருந்தால் மற்றவையெல்லாம் எப்படி மாறும் என்பதை நேர்மையாகப் பின்தொடர்ந்து செல்கிறார். அந்த முதல் ஒன்றை வாசகர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார். அதற்குப் பின் வரும் ஒவ்வொன்றையும் கறாராகக் கேள்வி கேட்கிறார். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையிலான இந்த ஒப்பந்தம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டை நாமே உருவாக்கிப் பார்க்கலாம். தொலைவான புறநகராகிய டோம்பிவிலியின் ரயில் நிலையத்தில் ஓர் இயந்திரக் கதவு பொருத்தப்படுகிறது. அதற்குள் நுழைபவர் அடுத்த நொடியே மும்பையின் தென்முனையில் உள்ள சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் வெளியே வருகிறார். எழுத்தாளர் நம்மிடம் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றை மட்டும்தான். இனி விளைவுகளைப் பார்ப்போம். நகரின் நடுவில் இருப்பதற்காகவே கோடிக்கணக்கில் விலைபோன தாதர் வீடுகளுக்கு இனி என்ன மதிப்பு? காலையில் குறிப்பிட்ட ஒரு ஃபாஸ்ட் வண்டியின் குறிப்பிட்ட பெட்டியில் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பஜனை பாடிச் சென்ற கூட்டம் இனி எங்கே சந்திக்கும்? ஒரு நொடியில் வந்துவிடலாம் என்னும்போது, இரவு பதினொரு மணிக்கு அழைக்கும் மேலதிகாரியிடம் ஊழியர் என்ன சாக்குச் சொல்வார்? கதவுக்குக் கட்டணம் உண்டா, உண்டென்றால் அதிலும் முதல் வகுப்பு உண்டா, சாப்பாட்டு டப்பா சுமக்கும் டப்பாவாலாக்களைச் சுமையோடு உள்ளே விடுவார்களா? இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வேறொரு கேள்வி வருகிறது. டோம்பிவிலியில் உடலை அணு அணுவாகப் பிரித்து, சி.எஸ்.எம்.டி.யில் மறுபடி சேர்க்கிறது அந்த இயந்திரம் என்றால், மாலையில் வீடு திரும்புபவர் காலையில் புறப்பட்டுப் போனவர்தானா? இந்தக் கேள்விக்குத் தத்துவ நூல் நூறு பக்கம் செலவழிக்கும். அறிவியல் புனைகதையோ, கணவனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுக்கும்போது அந்த ஐயம் வந்துவிட்ட ஒரு மனைவியைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும்.

இப்போது அதே கதவை மிகுபுனைவாக்குவோம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மரக்கதவு இருக்கிறது. அன்று விடிந்ததிலிருந்து ஒரு பொய்யும் சொல்லாதவருக்கு மட்டும் அது திறக்கும். திறந்தால், அவரைப் பிறந்த ஊரில் கொண்டுபோய் விட்டுவிடும். அதை யார் செய்தார்கள், எந்த விசையால் அது இயங்குகிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஆனால் விதி இருக்கிறது. விதி இருப்பதால் விளைவும் இருக்கிறது. திருநெல்வேலியில் தாயார் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி பிற்பகலில் வந்து சேர்கிறது. மளிகைக் கடை வைத்திருக்கும் மகன், காலையிலிருந்து எத்தனை பேரிடம் ‘இன்றைக்கு வந்த சரக்கு’ என்று சொன்னோம் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியும்வரை காத்திருந்து, விடிந்ததும் வழியில் கண்ட தெரிந்த முகங்களுக்கெல்லாம் பதில் பேசாமல் கதவை நோக்கி நடக்கிறார். சயான் மருத்துவமனையில் பிறந்த அவருடைய பேரன், தாத்தாவோடு ஊருக்குப் போக ஆசைப்பட்டு அவர் பின்னாலேயே நுழைகிறான்; அவன் போய் நிற்பது சயானில். தாத்தாவின் ஊர் வேறு, பேரனின் ஊர் வேறு என்பதை ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல் அந்த விதி காட்டிவிடுகிறது.

இரண்டு கதவுகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். அறிவியல் புனைகதை, தன் அதிசயம் இயற்கை விதிகளுக்கு உட்பட்டது, இன்று இல்லாவிட்டாலும் என்றோ ஒருநாள் ஏதோ ஓர் ஆய்வகத்தில் செய்யக்கூடியது என்ற பாவனையைக் கடைசிவரை காப்பாற்றுகிறது. மிகுபுனைவு அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. தன் சொந்த விதியைத் தானே மீறமாட்டேன் என்பதை மட்டும் உறுதியளிக்கிறது. மிகுபுனைவில் எதுவும் நடக்கலாம் என்பது வெளியே நின்று பார்ப்பவர்களின் எண்ணம். எதுவும் நடக்கலாம் என்றால், எது நடந்தாலும் படிப்பவருக்கு அக்கறை இராது. கதாநாயகி சிக்கிக்கொண்ட இடத்தில், அதுவரை சொல்லப்படாத ஒரு மந்திரம் திடீரென்று வந்து அவளைக் காப்பாற்றினால், எழுத்தாளர் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார் என்று பொருள்; புத்தகத்தை மூடிவைக்க வாசகருக்கு முழு உரிமை உண்டு. இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கும் கதைகளும் இருக்கின்றன. அவற்றை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று மணிக்கணக்கில் வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். தொடக்க வாசகர் அந்த வாதத்துக்குள் போகாமலிருப்பது நல்லது.

ஒரே ஓர் அதிசயம் ஒரு கதை முழுவதையும் எப்படி நடத்திச் செல்லும் என்பதற்குத் தமிழில் மிகப் பழைய சான்று மணிமேகலையில் இருக்கிறது. சீத்தலைச் சாத்தனார் பௌத்த அறத்தைச் சொல்வதற்காக இயற்றிய காப்பியம் அது. நாம் பேசும் வகையைச் சேர்ந்ததன்று. ஆனாலும் அதில் வரும் ஆபுத்திரன் கதையின் கட்டுமானத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். மதுரையில் வீடு வீடாக இரந்து கொண்டுவரும் உணவை ஆதரவற்றோருக்கு ஊட்டி வாழ்ந்த ஆபுத்திரனுக்கு, மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் போகிறது. சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. திறமை குறைந்த கதைசொல்லியாக இருந்தால், எல்லாருடைய பசியும் தீர்ந்தது என்று இங்கே சுபம் போட்டிருப்பார். சாத்தனார் அடுத்த கேள்விக்குப் போகிறார்: பசித்தவர் யாருமே இல்லாவிட்டால் அந்தப் பாத்திரத்தை வைத்திருப்பவன் கதி என்ன? இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்து வளத்தைப் பெருக்கிவிடுகிறான். நேற்றுவரை ஊரே சூழ்ந்திருந்த ஆபுத்திரனிடம் சோறு கேட்டு வர ஆளில்லை; ஊர் ஊராகச் சென்று, உண்பவர் உண்டா என்று அவனே கேட்டு அலைகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான்; வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. பல்லாயிரம் பேருக்குச் சோறிடக்கூடிய பாத்திரம் கையில் இருக்க, அதைக் கொண்டு தன் ஒருவன் வயிற்றை மட்டும் வளர்க்க மனமில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை வெளியே தோன்றுக என்று சொல்லி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். அவன் வைத்துச் சென்ற அந்த விதியின்படிதான் பிற்பாடு மணிமேகலையின் கைக்கு அமுதசுரபி வந்து சேர்கிறது.

நம்மிடம் தொன்மங்களும் பக்தி வரலாறுகளும் ஏராளமாக இருப்பதால், மிகுபுனைவில் நாம்தான் முன்னோடிகள் என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மயிலாப்பூரில் எலும்பும் சாம்பலுமாக இருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி உயிருடன் எழுப்பினார் என்பதை அடியார் நடந்ததாகவே நம்பிக் கேட்கிறார். மிகுபுனைவின் வாசகரோ, இது நடக்கவில்லை என்று நன்றாக அறிந்துகொண்டே அதில் மனம் தோய்கிறார். இந்த அறிதல் இல்லாத இடத்தில் இந்த வகைக்கு வேலையே இல்லை.

இறந்தவரை எழுப்புதல் என்ற அதே கரு அறிவியல் புனைகதையாக மாறியது ஒரு விடுமுறையில்தான். இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தது. மேல்வளிமண்டலத்தில் பரவிய அதன் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை என்பதே இல்லாமல் போனது. ஜெனிவா ஏரிக்கரையில் கோடையைக் கழிக்க வந்திருந்த கவிஞர் பைரனும், கவிஞர் ஷெல்லியும், பின்னாளில் ஷெல்லியை மணந்த மேரியும், பைரனின் மருத்துவர் பாலிடோரியும் விடாத மழையில் வீட்டுக்குள் அடைபட்டார்கள். பேய்க் கதைத் தொகுப்பு ஒன்றைப் படித்துப் பொழுதைப் போக்கியபின், ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னார். மேரிக்கு அப்போது வயது 18. அவர் எழுதத் தொடங்கியது 1818 ஜனவரியில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற நாவலாக, ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைப் பற்றி இத்தாலிய விஞ்ஞானி கால்வானி எழுதிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்த காலம் அது. மேரியின் கதையில் பிணத்துக்கு உயிர் கொடுப்பவன் மந்திரவாதி அல்லன். பல்கலைக்கழகத்தில் வேதியியலும் உடற்கூற்றியலும் படித்த மாணவன். பூம்பாவை எழுந்தவுடன் அந்த வரலாறு நிறைவடைகிறது. இங்கோ, உயிர் எழுந்த பிறகுதான் கதை தொடங்குகிறது: தான் செய்ததைக் கண்டு அஞ்சிச் செய்தவனே ஓடிவிடுகிறான், பெயர்கூடச் சூட்டப்படாத அந்தப் பிறவி அவனைத் தேடி வருகிறது. ஒன்றை உருவாக்கியவருக்கு அதன்மேல் உள்ள பொறுப்பு என்ன என்ற கேள்வி, செயற்கை நுண்ணறிவைப் பற்றி நாள்தோறும் செய்தி படிக்கும் நமக்கு 1818ஆம் ஆண்டு வாசகர்களைவிட நெருக்கமானது.

அப்படியானால் மேரி ஷெல்லி எதிர்காலத்தைக் கணித்துவிட்டாரா என்று கேட்பார்கள். அறிவியல் புனைகதையைச் சோதிடமாகப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் தொடக்க வாசகரை மிகவும் திசைதிருப்புகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய நிலவுப் பயண நாவலிலும் 1870இல் வந்த அதன் தொடர்ச்சியிலும், மூன்று பேர் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு டிசம்பர் மாதம் புறப்படுகிறார்கள். நிலவில் இறங்காமல் அதைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் பசிபிக் கடலில் விழுகிறார்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அவர்களை மீட்கிறது. 1968 டிசம்பர் 21ஆம் தேதி ஃபுளோரிடாவிலிருந்து மூன்று பேருடன் கிளம்பிய அப்பல்லோ 8, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நிலவைச் சுற்றி, 27ஆம் தேதி பசிபிக்கில் இறங்கியது. மீட்டது கடற்படைக் கப்பல்தான். பொருத்தம் வியப்பூட்டுவது உண்மை. ஆனால் வெர்னின் பயணிகளை ஏவுவது 900 அடி நீளமுள்ள பீரங்கி. பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபட நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தை 900 அடிக்குள் எட்ட வேண்டுமென்றால், உள்ளே இருப்பவர்கள்மேல் அவர்களுடைய எடையைப்போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட விசை அழுத்தும். அவர்கள் அமர்ந்திருக்கும் குண்டு பீரங்கியின் வாயைத் தாண்டுவதற்குள் மூவரும் கூழாகியிருப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் அந்த நாவலை ரசிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வேலையற்றுப் போன பீரங்கி நிபுணர்கள் பொழுது போகாமல் நிலவைக் குறிவைக்கிறார்கள் என்ற அதன் நையாண்டிதான். கணிப்பு பலித்ததா என்று மதிப்பெண் போடுவது வாசிப்பில் சேராது.

இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டியதில்லை. இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் வங்காளத்தில் ஒரு கதை எழுதினார். கல்கத்தாவை நோக்கி வந்த புயல், கப்பலில் போகும் ஒருவர் ஒரு புட்டி கூந்தல் தைலத்தைக் கடலில் ஊற்றியதால் அடங்கிவிடுகிறது. கதைப் போட்டியை நடத்தியதே ஒரு கூந்தல் தைல நிறுவனம்தான் என்பதால் அந்தத் தைலத்தை மன்னித்துவிடலாம். எண்ணெய் அலையை அடக்கும் என்ற இயற்பியல் உண்மையைப் போஸ் அதற்குள் நுழைத்துவிட்டார். 1905இல் வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய பெண்கள் இதழில் வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் முக்காட்டு வாழ்க்கை வாழ, பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேரடியாக நீரை இறக்குகிறார்கள், வானூர்தியில் போகிறார்கள். அடிப்படையில் மாற்றப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று, யார் உள்ளே யார் வெளியே என்பது. அதை மாற்றியவுடன், அன்றைய வீடுகளில் யாருக்கும் உறுத்தாமலிருந்த ஏற்பாடு எவ்வளவு விநோதமானது என்று தெரிந்துவிடுகிறது.

மும்பைத் தமிழர்களுக்கு இன்னும் அருகில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இந்நகரின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர், 1974இல் மராத்தி விஞ்ஞான் பரிஷத் நடத்திய அறிவியல் கதைப் போட்டிக்கு, நாராயண் விநாயக் ஜகதாப் என்ற பெயரில் ஒரு கதை அனுப்பினார். தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி அமைத்துக்கொண்ட புனைபெயர் அது. விஞ்ஞானி என்ற புகழ் நடுவர்களை அசைத்துவிடக் கூடாது என்று எண்ணினார். கதைக்கு முதல் பரிசு கிடைத்தது. கருந்துளையை மையமாக வைத்த கதை அது. பெரும் நிறைக்கு அருகில் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது பொதுச் சார்பியல் கோட்பாட்டின் முடிவு. இதில் கற்பனை ஏதும் இல்லை. எனவே கருந்துளையை நெருங்கிச் சென்று திரும்புபவருக்குச் சில நாட்களே கழிந்திருக்கும். வீட்டில் காத்திருந்தவர்களுக்கு ஆண்டுகள் ஓடியிருக்கும். அறிவியல் படிக்காதவர்களுக்கு இது எப்படிப் புரியும் என்ற தயக்கம் தேவையில்லை. கைக்குழந்தையாக விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய், மகள் பள்ளிச் சீருடையில் வந்து யாரோ என்று பார்க்கும் வயதில் திரும்பிய தகப்பனுக்குச் சமன்பாடு தெரியாது, கதை தெரியும். தேவையான அறிவியலை நல்ல கதை தானே சொல்லிக்கொடுத்துவிடும்.

நார்லிகரைப் படிப்பதில் இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. தமிழை வீட்டில் பேசுவதோடு நிறுத்திக்கொண்ட பலர், பள்ளியில் கட்டாயமாகக் கற்ற மராத்தியைச் சரளமாகப் படிக்கிறார்கள். மூலத்திலேயே படிக்க அவர்களுக்குத் தடையில்லை. பெரியவர்கள் மராத்தி தீபாவளி மலர்களையும் கவனிக்கலாம். 1909இல் ‘மனோரஞ்சன்’ இதழ் தொடங்கிவைத்த இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது; மர்மம், அமானுஷ்யம், அறிவியல் ஆகியவற்றுக்கென்றே மலர் போடுபவர்களும் இருக்கிறார்கள். பண்டிகை முடிந்த பிறகும் தாதர், டோம்பிவிலிப் பக்கத்து வாடகை நூலகங்களில் அவை சுற்றிக்கொண்டிருக்கும். நம் தீபாவளி மலர்கள் இந்த வகைக் கதைகளுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக இடம் தந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

தமிழில் தொடங்குபவருக்குச் சுஜாதாவைவிட நல்ல வாசல் இல்லை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற பொறியாளர் அவர். ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில், குழந்தை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும், மனிதர்களின் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருங்கியிருக்கும், ஜீனோ என்ற இயந்திர நாய் எல்லாரையும்விடத் தெளிவாகச் சிந்திக்கும். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு அடுத்த படி. அதிலுள்ள கதைகள் கொஞ்சம் நிதானமான வாசிப்பைக் கேட்கும்.

படிக்கும்போது கைக்கொள்ள வேண்டிய பழக்கங்களில் மிகவும் பயனுள்ளது ஒன்றைச் சொல்கிறேன். கதைமாந்தர்கள் எதைக் கண்டு வியக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘என் இனிய இயந்திரா’வில், குழந்தை பெற அரசு அனுமதிக் கடிதம் வந்ததும் கதாநாயகி நிலா மகிழ்கிறாள். அப்படி ஒரு கடிதம் ஏன் வர வேண்டும் என்று அவள் கேட்பதில்லை. அவளுக்கு அது ரேஷன் அட்டை அளவுக்கு இயல்பானது. வாசகர் திடுக்கிடும் இடத்தில் கதைமாந்தர் திடுக்கிடாமல் கடந்துபோனால், அங்கேதான் அந்த உலகத்தின் விதி ஒளிந்திருக்கிறது. தேர்ந்த எழுத்தாளர்கள் விதியை விளக்கிச் சொல்வதில்லை. இப்படி அலட்சியமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். இதைப் பொறுக்கி எடுத்துச் சேர்ப்பதில்தான் இந்த வாசிப்பின் பெரும்பங்கு மகிழ்ச்சி இருக்கிறது. அறிமுகமில்லாத சொற்கள் வரும்போது நின்றுவிட வேண்டாம். எழுத்தாளர் உருவாக்கிய சொல்லாக இருந்தால் எந்த அகராதியிலும் இராது, பத்துப் பக்கத்தில் தானாகத் தெளிந்துவிடும். பெரிய மிகுபுனைவு நாவல்களில் பெயர்கள் குழப்பும். ஒரு துண்டுத் தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதிப் புத்தகத்தில் செருகிவைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பக்கத்தில் வரைபடம் இருந்தால் அதை மனப்பாடம் செய்யவேண்டாம். யாராவது பயணம் கிளம்பும்போது மட்டும் திருப்பிப் பார்த்தால் போதும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கால இயந்திரமும் வேற்றுக்கிரக மனிதரும் வரும் தமிழ்ப் படங்களைத் தடையின்றி ரசித்தவர்கள், இந்த ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள்தான். திரையில் உலகம் ஒரே பார்வையில் வந்துவிடுகிறது. புத்தகத்தில் அதை நாம் கட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

வீட்டில் சிறுவர்கள் இருந்தால் உரக்கப் படித்துக் காட்டுவது நல்லது. பேச்சில் பாதி இந்தி கலக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துத்தமிழ் முதலில் தடுக்கும். வாக்கியத்தை அப்படியே படித்துவிட்டு, வீட்டுப் பேச்சில் ஒருமுறை திருப்பிச் சொன்னால் இரண்டாம் நாளே பழகிவிடுவார்கள். விதி தெரிந்தவுடன், விளைவு வருவதற்கு முன், அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். அமுதசுரபி கிடைத்துவிட்டது, மழையும் பெய்துவிட்டது, இனி ஆபுத்திரன் என்ன செய்வான் என்று கேட்டால், பெரியவர்களுக்குத் தோன்றாத விடைகள் வரும். பக்கத்து வீட்டுக்காரரின் சோற்றை ஒளித்துவைத்துவிட வேண்டும் என்று சொல்லும் பிள்ளை, சாத்தனார் எழுதாமல் விட்ட வேறொரு நல்ல கதையைத் தொடங்கிவைக்கிறது.

புத்தகம் கிடைப்பதைப் பொறுத்தவரை, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் ஆங்கில நாவல்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாடப்புத்தகங்களுக்கு நடுவே தேட வேண்டும். தமிழ் நூல்களுக்கு மின்னூல் அல்லது அஞ்சல்தான் நம்பகமான வழி. பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும் உறவினர் யாராவது இருந்தால் முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிடலாம். டிசம்பர் விடுமுறை குறுகியது. முதல் இரண்டு நாட்கள் சிறுகதைகளோடு நிறுத்திக்கொண்டு, பிறகு இருநூறு பக்கத்துக்கு உட்பட்ட ஒரு நாவலை எடுப்பது சரியாக இருக்கும். ஐம்பது பக்கம் போயும் விதி பிடிபடவில்லையென்றால், தயங்காமல் வேறொன்றுக்கு மாறிவிடலாம். ஐந்து பாகம், ஏழு பாகம் என்று அடுக்கடுக்காக வரும் பெரிய மிகுபுனைவுகளை இப்போது தொட வேண்டாம். அவற்றுக்கு மே மாதம் இருக்கிறது. அப்போது நாகர்கோவில் வண்டியில் ஊருக்குப் போக ஒன்றரை நாள், திரும்ப ஒன்றரை நாள், நடுவில் சோலாப்பூர் தாண்டியதும் அலைபேசி விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும்.